நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

செப்டம்பர் 2, திங்கள்

ஜனவரியில் கம்பெனி கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் கேஸ் பதிவு எண்ணும், ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரர் போன் நம்பரும் இருக்கின்றன. எட்டு மாதமாக வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது, ஏனென்றால் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

ஹெப்சிபா வந்துவிட்டாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகும் என்று உலகமே நடுங்கிய காலம். தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் அறுபது பேரை அள்ளி வந்து மெயின்ஃபிரேம் என்ற பெரிய இயந்திரத்தின் பச்சை எழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஐரோப்பியக் கப்பல் கம்பெனி ஒன்றின் வேலை. எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்தில் இறங்க வேண்டும் என்ற பட்டியல்களைத் திருத்துவது. அதே கப்பல் கம்பெனி, அதே இயந்திரம். இன்று அந்த வேலை முழுவதுக்கும் நான் மேலாளர். முப்பத்தெட்டு பேர் எனக்குக் கீழே.

அவளை எடுக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிவுத் தலைவர் கோவர்தன் சார் காலையில் அழைத்து வந்து நிறுத்தினார். "பழைய கை மேடம். மாற்றம் முடியற வரைக்கும் கான்ட்ராக்ட்ல இருப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களாமே?"

முப்பத்தெட்டு பேருக்கு முன்னால் அவள் என் தோளில் தட்டி, "ஏட்டி உமை! குண்டாயிட்டியே!" என்றாள். இந்த அலுவலகத்தில் என்னை எல்லோரும் உமா மேடம் என்பார்கள். உமையாள் என்ற முழுப்பெயர் சம்பளச் சீட்டில்தான் இருக்கிறது.

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 4, புதன்

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றவில்லை. ஈரத்துணியைக் கையால் பிழிந்தேன். என் கணவர் சொக்கலிங்கம் யூடியூபில் அதற்கு வழி பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

என் திட்டத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். தீபாவளிக்குள், பட்டியல்களைத் திருத்தும் பச்சைத் திரை எடிட்டரை மூடிவிட்டு, எல்லோரையும் புது எடிட்டருக்கு மாற்றுவது. புதியதில் வண்ணங்கள் உண்டு, மவுஸ் உண்டு, ஒரே நேரத்தில் பத்து ஜன்னல் திறக்கலாம். இரண்டு வருட உழைப்பு. இது நல்லபடி முடிந்தால் எனக்குத் துணைத் தலைவர் பதவி. ஐம்பது வயதுக்குப் பிறகு இந்தத் தொழிலில் மேலே போகாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு மார்ச்சில் ஐம்பது.

ஆகவே பழைய எடிட்டரில் கெட்டிக்காரியாக இருக்கும் ஒருத்தி இப்போது எனக்குத் தேவையே இல்லை.

செப்டம்பர் 11, புதன்

வயிறு எரிகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

நாற்பத்தெட்டாயிரம் வரிகள் உள்ள பட்டியல். அதில் குளிர்பதனப் பெட்டிகளுக்கு மட்டும் துறைமுகக் குறியீட்டை மாற்ற வேண்டும். அந்தக் குறியீடு ஒவ்வொரு வரியிலும் முப்பத்தோராம் இடத்தில் தொடங்கும் நான்கு எழுத்து. வேறு இடத்தில் அதே நான்கு எழுத்து வந்தால் தொடக்கூடாது. புது எடிட்டரில் என் பையன்கள் நால்வர் மூன்று நாள் கேட்டார்கள். பட்டியலைத் திறக்கவே அது சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹெப்சி பச்சைத் திரையில் நாற்பது நிமிடத்தில் முடித்தாள்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். முதலில் எல்லா வரிகளையும் மறைத்தாள். திரையில் ஒரே ஒரு கோடு, அதில் 'நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் வரிகள் காட்டப்படவில்லை' என்ற குறிப்பு. பிறகு முப்பத்தோராம் இடத்தில் அந்த நான்கு எழுத்தைத் தேடச் சொன்னாள். கிடைத்த வரிகள் மட்டும் மேலே வந்தன. அவற்றில் குளிர்பதனப் பெட்டி அல்லாதவற்றை இடது ஓரத்தில் ஒரே எழுத்தைத் தட்டி மறுபடி மறைத்தாள். மிச்சத்தில் மாற்றினாள். மவுஸைத் தொடவே இல்லை. கறிவேப்பிலை உருவுகிறவளைப் போல விரல் போகிறது, கண் திரையை விட்டு அசையவில்லை.

ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். மாற்றுவதற்கு முன் எத்தனை வரி மாற வேண்டும் என்று எண்ணி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறாள். மாற்றியதும் இயந்திரம் மேல் மூலையில் எத்தனை மாறியது என்று சொல்லும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சேமிப்பாள். இன்று 1,846. அங்கேயும் 1,846.

நஸ்ரின் என்ற பெண், என் புது எடிட்டர் குழுவில் முதல் ஆள், வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "இது எந்த வருஷத்து எடிட்டர் மேடம்?" என்று என்னைக் கேட்டாள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்தது" என்றேன். இன்னொன்றைச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் நானும் இதை இப்படித்தான் செய்தேன். இவளைவிடச் சற்று வேகமாகவே செய்தேன். வேகம் என்னுடையது. கவனம்தான் அவளுடையது என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. தொண்ணூற்றொன்பதில் பெரிய தவறு ஒன்று அவள் பெயரில் நடந்தது. அதனால் அவளுடைய வெளிநாட்டுப் பயணம் போயிற்று. அந்த இடத்தில் நான் போனேன். பாவம்.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று எண்ணினேன். பதினோரு மேசைகளில் துண்டுச் சீட்டு. அதற்கு 'ஹெப்சி சீட்டு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அசட்டு வேலை ஒன்று செய்தேன். எல்லோரும் டீக்குப் போன நேரம், என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பச்சைத் திரையில் நுழையப் பார்த்தேன். என் விரலும் போகிறதா என்று தெரிந்துகொள்ள. கடவுச்சொல் மறந்துவிட்டது. மூன்று முறை தவறாகப் போட்டால் நம் பெயருக்கான ஐடி பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது.

திறக்கச் சொல்லி நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஹெப்சி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது.

"பூட்டிக்கிட்டியா? அன்னைக்கும் நீ இப்படித்தான் பூட்டிக்கிட்டு நின்ன."

"என்னைக்கு?"

"அதான் ஏட்டி, என் மானம் போன அன்னைக்கு. உன் ஐடி பூட்டிக்கிச்சுன்னு காலையில இருந்து புலம்பிக்கிட்டே கெடந்தியே. மறந்துட்டியா?"

மறந்துவிட்டது என்றேன். வாழைப்பூ வடை கொண்டுவந்திருந்தாள். ஒன்று வைத்துவிட்டுப் போனாள். நல்ல வடை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

ஐடி திறந்துவிட்டது. மெயின்ஃபிரேமில் பழைய கோப்புகள் கிடக்கும் நூலகத்தில் தேடினேன். இந்த இயந்திரம் எதையும் தூக்கிப் போடுவதில்லை. இருபத்தைந்து வருடத்துக் கோப்பு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கோப்புப் பெயருக்கும் பக்கத்தில், கடைசியாக யார் சேமித்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மணி என்று இருக்கும்.

21 அக்டோபர் 1999. பதின்மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். ஹெப்சிபாவின் ஐடி.

பகல் ஒன்று பன்னிரண்டுக்கு அவள் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது எனக்குத் தெரியும்.

சரி, எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்? என் ஐடி பூட்டியிருந்தது. ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கான பதினோரு வரிகளை இரண்டு மணிக்குள் நான் முடித்தாக வேண்டும். கப்பல் கம்பெனி இருக்கும் ரோட்டர்டாமுக்கு யாரை அனுப்புவது என்று பட்டியல் போடுகிறவர் அன்று பின்னால் உலாவிக்கொண்டே இருந்தார். ஹெப்சியின் திரையில் அதே பட்டியல் திறந்து கிடந்தது. உட்கார்ந்தேன். அவள் தன் வசதிக்காக நிறைய வரிகளை மறைத்து வைத்திருந்தாள். 'எல்லாவற்றையும் மாற்று' என்று சொன்னால் இந்த எடிட்டர் மறைத்த வரிகளையும் சேர்த்தே மாற்றும். தெரிகிற வரிகளை மட்டும் மாற்ற இன்னும் இரண்டு எழுத்துச் சேர்த்துத் தட்ட வேண்டும். அவசரத்தில் நான் தட்டவில்லை. மாற்றிய கையோடு மூன்றாம் சாவியை அழுத்தினேன். அது சேமித்துவிட்டு வெளியே வரும் சாவி. வந்தபின் திரும்பப் பெற வழியில்லை.

சாயங்காலம் கப்பல் கம்பெனிக்காரர்கள் முன்னிலையில் சோதனை ஓட்டம். உலகத்துப் பெட்டிகள் எல்லாம் ஆண்ட்வெர்ப்புக்குக் கிளம்பின.

இது யாருக்கும் நேரக்கூடிய தவறு. தெரியாமல் நடந்தது.

அக்டோபர் 10, வியாழன்

அலுவலகத்தில் ஆயுத பூஜை ஒரு நாள் முன்பாகவே நடந்தது. எல்லாத் திரைகளுக்கும் சந்தனம், குங்குமம். பூசணிக்காயை லிஃப்டுக்கு முன்னால் உடைக்கக் கூடாது என்று கட்டட நிர்வாகம் சொல்லிவிட்டது. யாரோ ஹெப்சியின் விசைப்பலகைக்குத் தனியாகச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அவள் கிறிஸ்தவப் பெண். அதற்காகக் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். மாலையை எடுத்து நஸ்ரின் தலையில் வைத்துவிட்டு இரண்டு கை நிறையப் பொரி வாங்கிக்கொண்டாள். மறுபடியும் எல்லோரும் அவளைச் சுற்றி.

என் விசைப்பலகைக்கு ஒரு பொட்டு இருந்தது. சின்னப் பொட்டு.

வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது. உள்ளே காலுறை சிக்கியிருந்ததாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து பேய் மழை. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சொக்கலிங்கம் காரை மேம்பாலத்தில் விட்டுவிட்டு நனைந்துகொண்டே வந்தார். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை.

பதினோரு மணிக்கு ஐரோப்பாவிலிருந்து மார்ட்டின் அழைத்தார். கப்பல் கம்பெனி சார்பில் எங்கள் வேலையைப் பார்ப்பவர் அவர். பெட்டி ஏற்றும் பட்டியலில் இருநூற்றுச் சொச்சம் பெட்டிகளின் இடம் தவறாக இருக்கிறது, கப்பல் நான்கு மணி நேரத்தில் புறப்படுகிறது. மருந்துப் பெட்டிகளும் அதில் இருக்கின்றன.

என் நால்வரும் புது எடிட்டரைத் திறந்தார்கள். மழையில் இணைப்பு நொண்டியது. சக்கரம் சுற்றியது. நானும் திறந்தேன். எனக்கும் சுற்றியது. முக்கால் மணி நேரம் ஐந்து பேரும் ஐந்து வீட்டில் உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மார்ட்டின் 'உமா, உமா' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஹெப்சி விடுப்பில் இருந்தாள். பாளையங்கோட்டையில் அவள் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். அவளை அழைக்கக் கூடாது என்று சொன்னேன். மனிதாபிமானத்தோடு சொன்னதாகத்தான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கோவர்தன் சார் அழைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல இருக்கேன் சார். லேப்டாப் கையில இருக்கு. போன்ல ஒரு கோடு சிக்னல்தான் கெடைக்கு. அது போதும்."

போதும்தான். பச்சைத் திரைக்குப் படம் கிடையாது, வண்ண ஜன்னல் கிடையாது. ஒரு நேரத்துக்கு இருபத்துநான்கு வரி எழுத்து மட்டும் போய் வரும். மற்றவற்றை மறைத்து, அந்த இருநூற்றுச் சொச்சம் வரிகளையும் பிரித்தெடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் முடித்தாள். நடுவில் நர்ஸ் வந்து ஏதோ கையெழுத்துக் கேட்டது எங்களுக்கெல்லாம் போனில் கேட்டது. கடைசியில், "சீட்டுல இருநூத்தி நாலு, ஸ்க்ரீன்லயும் இருநூத்தி நாலு. சேமிக்கேன்" என்றாள்.

மார்ட்டின் கை தட்டினார். இருபத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் எனக்கு ஒருமுறைகூடக் கை தட்டியதில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பச்சைத் திரையை மூட வேண்டாம் என்று மார்ட்டின் கடிதம். புதியதும் இருக்கட்டும், பழையதும் இருக்கட்டுமாம். பழையதற்குத் தனிக் குழு, அதற்கு ஹெப்சிபா தலைமை, நேரடியாக கோவர்தனுக்குக் கீழே. துணைத் தலைவர் பதவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"உங்களுக்கும் சுமை குறையுது மேடம்" என்றார் கோவர்தன்.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். சொக்கலிங்கம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 22, செவ்வாய்

கோவர்தன் சாரிடம் சொல்லிவிட்டேன். "தலைமை கொடுக்கறதுக்கு முன்னாடி பழைய கோப்பை ஒருதடவை பாத்துடுங்க சார். தொண்ணூத்தொம்பதுல என்ன நடந்ததுன்னு பதிவு இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலை. ஐடி இருக்கு, நேரம் இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. கோப்பில் இருப்பதைத்தான் சொன்னேன்.

அக்டோபர் 23, புதன்

தூக்கமில்லை. கண் வீங்கியிருக்கிறது. மீன்காரரிடம் தேவையில்லாமல் சண்டை போட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

மூன்று மணிக்குக் கூட்டம். கோவர்தன், நான், ஹெப்சி, நஸ்ரின், இன்னும் மூன்று பேர். கோவர்தன் தனியாகக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். "தப்பா நினைக்காதீங்க ஹெப்சிபா. ஒரு பழைய பதிவு கண்ணுல பட்டுச்சு."

அவள் முகத்தில் ஈயாடாது என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள்.

"அதைத் தோண்டிட்டீங்களா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன் சார். பதினோரு வரி மாறணும். நானூத்தி பன்னெண்டு வரி மாறிட்டு. மறைச்சு வச்ச வரியையும் சேத்து மாத்திட்டேன். மாத்துனதும் ஞாபகம் இல்ல, மூணாம் சாவிய அமுக்குனதும் ஞாபகம் இல்ல. அதுதான் சார் பயம். ஞாபகமே இல்லாத அளவுக்கு என் புத்தி எங்க போச்சுன்னு. சாப்பிட்டுட்டு வந்து பாத்தா கோப்பு மூடிக் கெடக்கு. சாப்பிடப் போற அவசரத்துல நாந்தான் செஞ்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். மறுவருசம் வேலைய விட்டுட்டேன். ஒம்போது வருசம் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சரா இருந்தேன். மெயின்ஃபிரேம் பக்கமே வரல. பொறகு பெங்களூர்ல ஒரு கம்பெனிக்காக மறுபடி தொட்டேன். அன்னையில இருந்து சீட்டு எழுதாம ஒரு எழுத்துக்கூட மாத்துனது இல்ல. என் கையை நான் நம்புறது இல்ல. சீட்டத்தான் நம்புதேன்."

நஸ்ரினின் கண் கலங்கியிருந்தது. கோவர்தன் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படிப்பட்டவங்கதான் தலைமைக்கு வரணும்" என்றார்.

ஐந்து பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் என்ன ஏறியது என்று சரியாகச் சொல்ல வேண்டும். மனசாட்சி என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது இல்லை. தவறு செய்ததற்குக்கூட இவளுக்கு மரியாதையா என்று ஏறியது. அதுவும் யாருடைய தவறுக்கு? என் வேலையைக் கொடுத்தாயிற்று, என் ஆட்களைக் கொடுத்தாயிற்று, மார்ட்டினின் கைதட்டலைக் கொடுத்தாயிற்று. இதையுமா கொடுக்க வேண்டும்?

எழுந்து நின்றேன். "அது ஹெப்சி பண்ணலை. நான் பண்ணினது" என்றேன்.

சொன்னபின்தான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. என் ஐடி பூட்டியது, காலி நாற்காலி, மூன்றாம் சாவி, எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியாம நடந்துபோச்சு. பயத்துல வாயைத் திறக்கலை" என்று முடித்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். "இதைச் சொல்றதுக்கு ரொம்பப் பெரிய மனசு வேணும் மேடம்" என்றார் கோவர்தன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நாலு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது.

ஹெப்சி மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 25, வெள்ளி

படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தாள். முகம் கழுவி வந்திருந்தாள்.

"எத்தனை மாறுச்சுன்னு மேல வந்திருக்குமே. பாத்தியா?"

"பாக்கலை."

"ஒரு நொடிகூடவா?"

"பாக்கலைடி. சத்தியமா."

தலையை ஆட்டினாள். "எம் மவளுக்குச் சின்னப்பிள்ளையில காய்ச்சல் மருந்து ஊத்துவேன்லா. ஊத்திட்டு, மறுபடி பாட்டில எடுத்து அளவு பாப்பேன். மறுபடியும் பாப்பேன். என் வீட்டுக்காரரு சிரிப்பாரு. உனக்கு என்னட்டி இப்படி ஒரு வியாதின்னு."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

"எனக்கு ஒண்ணு செய். நேத்து சொன்னதைக் கையால எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டு. எங்கப்பாட்டக் காட்டணும். ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தாவ, மவ ரோட்டர்டாம் போறான்னு. பொறகு ஒருத்தருக்கும் பதில் சொல்ல முடியல. இன்னைக்கு வரைக்கும் எனக்குக் காப்பி டம்ளரு குடுக்கும்போதுகூட 'கவனம், கவனம்'னுதான் சொல்லுவாவ."

எழுதித் தருகிறேன் என்றேன். அவள் இன்று இரவு ரயிலில் ஊருக்குப் போகிறாள். கூரியரில் அனுப்பச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

ஐந்து தாள் கிழித்தாயிற்று. முதல் தாளில் 'தவறுதலாக நேர்ந்துவிட்டது'. இரண்டாவதில் 'இளவயதின் அறியாமையால்'. மூன்றாவதில் என் உடல்நிலை வேறு வந்துவிட்டது. எதை எழுதினாலும் அடுத்த வரிக்குள் நான் நல்லவளாகிவிடுகிறேன்.

தீபாவளிக்கு அதிரச மாவு இடித்து வாங்க வேண்டும். சொக்கலிங்கம் போகமாட்டார்.

அக்டோபர் 28, திங்கள்

அனுப்பிவிட்டேன். பிரதி இது.

"ஹெப்சிபாவின் அப்பாவுக்கு, வணக்கம். 1999 அக்டோபர் 21 அன்று உங்கள் மகள் சாப்பிடப் போயிருந்தபோது அவளுடைய இடத்தில் அனுமதியில்லாமல் உட்கார்ந்து அந்தத் தவறைச் செய்தது நான். பதினோரு வரிகள் மாற வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு மாறியது என்று திரையில் வந்தது. அதைப் பார்த்தேன். அப்போதே மீட்டிருக்கலாம். மீட்கத் தொடங்கினால் அவள் வந்துவிடுவாள், நான் அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் ஐடிதானே என்றும் நினைத்தேன். சேமித்துவிட்டு எழுந்தேன். அவள் போக வேண்டிய ஊருக்கு நான் போனேன். உங்கள் மகள் கவனமில்லாதவள் அல்ல. உமையாள்."

'பார்த்தேன்' என்ற சொல்லை எழுதக் காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை ஆயிற்று.

அக்டோபர் 30, புதன்

கூரியர் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஹெப்சியிடமிருந்து ஒன்றும் இல்லை.

வாசலில் பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதிரசம் உதிர்ந்து போயிற்று.

நவம்பர் 2, சனி

பதினோரு மணிக்கு போன் செய்தாள். அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"அப்பா வாசிச்சாவ."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு தடவ வாசிச்சாவ. பொறகு என்னை உக்காரச் சொல்லி, தலையில கைய வச்சுக்கிட்டே இருந்தாவ. ரொம்ப நேரம்." அவள் குரல் உடைந்தது, சரிசெய்துகொண்டாள். "நீ பாத்திருக்க."

"ஆமா."

"படிக்கட்டுல சத்தியம் பண்ணின."

"ஆமாடி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பதில் சொல்லலாம், அழலாம், ஏதாவது செய்யலாம். அவள் திட்டவில்லை.

"அப்பா உன்னப் பத்தி ஒண்ணு கேட்டாவ. 'இந்தப் பிள்ளைக்கு அப்பா இருக்காரா'ன்னு."

என் அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. ரோட்டர்டாம் துறைமுகத்தில் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நான் நிற்கிற படத்தைக் கடைசிவரை சட்டைப் பையில் வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் எடுத்து எடுத்துக் காட்டி அதன் ஓரமே மடங்கிப்போயிருந்தது. என்னிடம் ஒரு நாளும் கவனம் என்று சொன்னதில்லை.

"இல்லைன்னு சொல்லு" என்றேன்.

"சொல்லிட்டேன். 'அப்போ இத அந்தப் பிள்ளை யாருட்டப் போய்ச் சொல்லும்'னு கேட்டாவ."

போனை யார் முதலில் வைத்தது என்று தெரியவில்லை. அவள் தலையில் வைக்க ஒரு கை இருக்கிறது. இப்போதும் எனக்குப் பொறாமைதான். நின்ற இடத்திலேயே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.